சிசேரியன் தழும்பில் கரு: டி அண்ட் சிக்கு முன்னால் உள் ஸ்கேன்

முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால், அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும் 6-7 வாரத்துக்குள் உள் ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியே பார்ப்பது) எடுத்துவிடுங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது மட்டும் போதாது. பழைய தையல் தழும்பின் குழியில் கரு ஒட்டியிருந்தால் இந்த வாரங்களில்தான் தெளிவாகத் தெரியும். அப்புறம் அது மேல்நோக்கி வளர்ந்து, சாதாரணக் கர்ப்பம் போலவே ஏமாற்றும்.

ரிப்போர்ட்டில் கர்ப்பப்பையின் உள்ளும் வாயும் காலி, கரு முன்சுவரின் அடிப்பக்கம் என்று இருந்தால் உஷார். கருவுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவே எத்தனை மி.மீ. தசை மிச்சம் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பதில் அந்த அளவுக்குப் பெரிய பங்குண்டு.

லேசாக ரத்தம் பட்டதும் 'கரு கலையுது' என்று ஸ்கேன் பார்க்காமல் டி அண்ட் சி (கர்ப்பப்பையின் உட்புறத்தைச் சுரண்டி எடுப்பது) செய்வதுதான் இதில் பெரிய ஆபத்து. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்க அந்த இடத்தில் போதிய தசை இல்லை, வெறும் தழும்பு. சுரண்டினால் ரத்தம் நிற்காது, மூத்திரப்பை வரை கிழியலாம். மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கி விழுங்குவதும் ஆபத்துதான்.

தசை 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஸ்கேனில் பார்த்தபடி உறிஞ்சி எடுக்கலாம், ஹிஸ்டரோஸ்கோப்பியும் (கர்ப்பப்பைக்குள் சிறு கேமரா விட்டுப் பார்த்து எடுப்பது) செய்யலாம். ரத்தம் வந்தால் ஃபோலி குழாயின் பலூனை உள்ளே ஊதி அழுத்துவார்கள். அதைவிட மெலிந்திருந்தால் லேப்ராஸ்கோப்பியே நல்லது: சிறு துளைகள் வழியே மூத்திரப்பையைக் கீழே பிரித்து, கருவை எடுத்து, நைந்த தழும்பை வெட்டிப் புதிதாகத் தைப்பார்கள். குழியும் அதோடு சரியாகிறது.

கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியைச் சதையில் மட்டும் போடுவது இந்தக் கருவுக்குப் பெரும்பாலும் எடுபடாது. கருவின் பைக்குள்ளேயே செலுத்த வேண்டும். ஊசிக்குப் பிறகு ஃபோலிக் மாத்திரை வேண்டாம், மருந்தின் வேலையைக் கெடுக்கும். 3 மாதம் கருத்தரிக்கவும் கூடாது.

எந்தச் சிகிச்சையானாலும் பீட்டா ஹெச்சிஜி (ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு) பரிசோதனை வாரம் ஒருமுறை, கர்ப்பமில்லாத அளவுக்கு இறங்கும் வரை. மருந்து மட்டும் என்றால் ஸ்கேனில் தெரியும் கருவின் மிச்சக் கட்டி மறைய மாதக்கணக்கில் ஆகலாம். நெகட்டிவ் ரத்த குரூப் என்றால், அடுத்த கருவைக் காக்கும் ஆன்டி-டி ஊசியைக் கேளுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, தலை சுற்றினாலோ 108. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கண்டெய்னர் லாரி நெரிசலில் ஆட்டோவை நம்பாதீர்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி என்று எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வைத்து, வாசலிலேயே சொல்லுங்கள்: "முன்னாடி சிசேரியன் ஆயிருக்கு."