டம்ளருக்குள் ஒளிச்சேர்க்கை: வேலம்பாசியின் குமிழிகளை எண்ணுவோம்

ஒளிச்சேர்க்கையைச் சமன்பாடாக மனப்பாடம் செய்வதற்கு முன், ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். கடலூர் பக்கத்துக் குளம், வாய்க்கால்களில் வளரும் வேலம்பாசி ஒரு பிடி போதும். பாடப்புத்தகத்தில் அதற்கு ஹைட்ரில்லா என்று பெயர். வண்ணமீன் கடையிலும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தனியாகத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, இரண்டு சிட்டிகை ஆப்ப சோடாவைக் கரையுங்கள். பாசிக்கு வேண்டிய கார்பன் அதிலிருந்து கிடைக்கும். அடுத்து, நல்ல பச்சையான தண்டு ஒன்றை விரல் நீளத்துக்கு பிளேடால் வெட்டுங்கள். நுனியைச் சிறு கல்லோடு நூலால் கட்டி, வெட்டிய முனை மேலே இருக்கும்படி நீருக்குள் இறக்குங்கள். ஆமாம், தலைகீழாகத்தான்.

இனி வெயிலில் வைக்கலாம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடிக்குக் காலை 8 மணி வெயிலே போதும். உச்சி வெயில் வேண்டாம். தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் காற்றே குமிழியாகி டம்ளர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் செய்கிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வெட்டிய முனையை மட்டும் பாருங்கள். சில நிமிடங்களில் கடுகைவிடச் சிறிய குமிழிகள் மணி கோத்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும். எனக்கு இன்றும் அலுக்காத காட்சி அது.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். அப்புறம் டம்ளரை நிழலுக்கு நகர்த்தி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை இறங்கியிருக்கும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இலையின் பச்சையம் ஒளியைப் பிடிக்கிறது. அந்த ஆற்றலால் தண்ணீர் மூலக்கூறு பிளக்கிறது. அதிலிருந்து வந்த ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்சைடையும் கொண்டு செடி சர்க்கரை செய்துகொள்கிறது. மிஞ்சும் ஆக்சிஜன் தண்டின் காற்றறைகள் வழியாக வெளியேறுகிறது. கார்பன் டைஆக்சைடு உடைந்துதான் ஆக்சிஜன் வருகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது தண்ணீரிலிருந்தே வருகிறது என்பதற்கு, கனமான ஆக்சிஜன் அணுக்களை வைத்து 1941-இல் சான்று காட்டினார்கள். பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில்தான் குமிழி விடும் என்று டச்சு விஞ்ஞானி யான் இங்கன்ஹவுஸ் எழுதியது 1779-இல்.

கடைசியாக ஒன்று செய்து பாருங்கள்: தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டு, சோடா போடாமல் அதே தண்டை அதே வெயிலில் வையுங்கள். கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடு கொதிக்கும்போதே போய்விட்டது. வெயில் அப்படியே இருக்கும், குமிழி வருவது மட்டும் அடங்கிவிடும்.