பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஓர் இளைஞர், தன் டட்சன் 240இசட் காரின் அசல் வீல்களுக்கு நான்கு புது டயர்களை வாங்கிக்கொண்டு வந்தார். பக்கச்சுவரில் இருந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே காருக்கு அதே அளவைத்தான் வாங்கினேன். காற்றழுத்தம், தேய்மானம் பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்தவை.

எழுதாத எண்ணை மறப்பது

அந்தக் காரின் அசல் அளவு 175 எச்ஆர் 14. டயரின் அகலம் 175 மி.மீ., ரிம் 14 அங்குலம், எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்பதற்கான குறி, ஆர் என்றால் ரேடியல், அதாவது உள் இழைகள் குறுக்கே நேராக ஓடும் வகை. இன்றைய டயர்களில் நடுவே வரும் 65, 70 போன்ற எண் இதில் இல்லை. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும் எண் அது. பழைய ரேடியல் டயரில் அது எழுதப்படாவிட்டால் சுமார் 82 என்று கொள்ள வேண்டும்.

எனக்கு அது தெரியாது. கடைக்காரர் 175/65 ஆர்14 எடுத்து நீட்டினார். 175 இருக்கிறது, 14 இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன். ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்ததால் சந்தேகமே வரவில்லை. ஜாக்கியை இறக்கிய பிறகுதான் கவனித்தேன்: டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்த இடத்தில் நான்கு விரல் தாராளமாக நுழைந்தது. கார் தரையை நோக்கி 3 செ.மீ. இறங்கியிருந்தது. முதல் வேகத்தடையிலேயே சைலன்சர் உரசியது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டியபோது உண்மையான வேகம் 91தான். அதே வேகத்துக்கு இன்ஜின் பத்து சதவீதம் கூடுதலாகச் சுற்றி அலறியது.

மாட்டிய டயரைக் கடையில் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். நான்கும் வீண். ஒரு நிமிடக் கணக்கு போட்டிருந்தால் தப்பியிருப்பேன் என்பதுதான் இன்றும் ஆறவில்லை. அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, ரிம் விட்டத்தைக் கூட்டுங்கள்; டயரின் முழு விட்டம் கிடைக்கும். 14 அங்குலம் என்றால் 355.6 மி.மீ. அசல் டயருக்கு 643 மி.மீ. வரும், நான் வாங்கியதற்கு 583. 175/80 ஆர்14 என்றால் 636, அது போதும்.

ரிம் அகலத்தை அளக்காதது

விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. 195/70 ஆர்14 டயரின் விட்டம் 629 மி.மீ., ஆசை காட்டும் அளவு. ஆனால் 240இசட்டின் அசல் இரும்பு ரிம் நாலரை அங்குல அகலம்தான். இந்த டயருக்குக் குறைந்தது ஐந்து அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர்கள் உள்வாங்கி டயர் நடுவில் புடைக்கும், நடுப்பகுதி மட்டும் தேயும், திருப்பங்களில் கார் தள்ளாடும். அகலத்தை ரிம்மின் வெளி ஓரங்களுக்கு இடையே அளக்கக் கூடாது. டயரின் விளிம்பு உட்காரும் உட்புறத்தில் அளக்க வேண்டும்.

மில்லிமீட்டர் ரிம்

1980களின் சில பிஎம்டபிள்யூ, ஃபெராரி கார்களில் மிஷெலின் டிஆர்எக்ஸ் வீல்கள் இருக்கும்: ரிம் விட்டம் 365, 390, 415 மி.மீ. அங்குல டயர் இவற்றில் சேராது. முயலவே வேண்டாம்.

ரேடியலையும் பழைய பயாஸ் டயரையும் கலப்பது

உள் இழைகள் சாய்வாக ஓடுவது பயாஸ். இரண்டையும் ஒரே காரில் கலப்பது கூடவே கூடாது.

பட்டனைப் பார்த்து வயதைக் கணிப்பது

அரிய அளவுகள் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பட்டன், அதாவது சாலையைத் தொடும் மேடு பள்ளங்கள், துளியும் தேயாமல் இருக்கும், ரப்பரோ இறுகியிருக்கும். பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று எண்கள்தான் இருக்கின்றன என்றால் அது 2000க்கு முந்தைய டயர். கையில் கூட எடுக்காதீர்கள்.

அந்த இளைஞர் மாட்டுவதற்கு முன்பே என்னிடம் காட்டியதால் டயர்களைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. இப்போது 175/80 தேடுகிறார். நேற்று ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தார்; பக்கச்சுவரில் 4109 என்று இருந்தது. வேண்டாம், இன்னும் தேடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.