ஹார்மோன் தடுப்பு மருந்தும் எலியின் கட்டியும்: ஆய்வறிக்கையைப் படிக்கும் முறை

ஹார்மோன் தடுப்பு மருந்து ஒன்று ஆய்வக எலிகளில் கட்டியைக் குறைத்தது என்றோ உண்டாக்கியது என்றோ ஓர் ஆய்வறிக்கை சொன்னால், அதன் முடிவுரையை ஒதுக்கிவிட்டுச் செய்முறைப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

கட்டி எப்படி வந்தது என்பதே முதற்கேள்வி. ஏறத்தாழ 50 நாள் வயதுடைய ஸ்பிரேக்-டாலி என்னும் ஆய்வக வகைப் பெண் எலிகளுக்கு டி.எம்.பி.ஏ. என்னும் புற்றூக்கும் வேதிப்பொருளை ஒரே முறை புகட்டினாலும் பால்சுரப்பியில் கட்டிகள் தோன்றுகின்றன; 1961-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வளர்ந்த முறை இது. இங்கே கட்டியை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜென் என்னும் பெண் ஹார்மோன் எலியின் சொந்த சூலகத்திலிருந்து வருகிறது. எம்.சி.எஃப்.-7 என்னும் மனிதப் புற்றணுக்களைச் சூலகம் நீக்கிய சுண்டெலிக்குள் பதிக்கும் முறையிலோ ஈஸ்ட்ரோஜெனை ஆய்வாளரே கொடுக்கிறார். ஆகவே மருந்து மோதுவது அவர் நிர்ணயித்த அளவோடுதான்.

அடுத்து, மருந்து எப்போது தொடங்கியது, எப்போது நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். டி.எம்.பி.ஏ. புகட்டியபின் டாமோக்சிஃபென் என்னும் ஈஸ்ட்ரோஜென் தடுப்பு மருந்தைக் குறுகிய காலம் மட்டும் கொடுத்தபோது கட்டிகள் தாமதமாகவே தோன்றினவேயன்றி மறையவில்லை என்பதையும், தொடர்ந்து கொடுத்தபோது பெரும்பாலான எலிகள் கட்டியின்றி இருந்தன என்பதையும் மருந்தியலாளர் கிரெய்க் ஜோர்டனின் ஆய்வுகள் காட்டின. மருந்தை நிறுத்தியபின் எலிகளைக் கவனிக்காத அறிக்கை ‘தடுத்தது’ என்று எழுதினால், ‘தள்ளிப்போட்டது’ என்று மாற்றிப் படிப்பதே என் வழக்கம்.

இனமும் உறுப்பும் மாறினால் முடிவும் மாறும். டாமோக்சிஃபென் எலியில் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜெனை எதிர்க்கிறது. சுண்டெலியில், குறிப்பாகக் குறுகிய காலச் சோதனைகளில், ஈஸ்ட்ரோஜெனைப் போலவே செயல்படுகிறது. எலியின் கல்லீரலில் அது புற்றுக்கட்டிகளை உண்டாக்கியது. பெண்களிடம் ஆபத்து கூடியதோ கருப்பையின் உட்சவ்வில்.

மருந்தின் வேதித்தன்மையால் கட்டி வந்ததா, உடலின் எதிர்வினையால் வந்ததா என்பதையும் பிரித்தறிய வேண்டும். பைகலுடமைடு என்னும் மருந்து, ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் பற்றும் ஏற்பியை அடைக்கும்போது, ஆண்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளை கருதுவதால் பிட்யூட்டரி சுரப்பி விந்தகத்தைத் தூண்டும் லூட்டினைசிங் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கிறது. அதன் இடைவிடாத தூண்டுதலால் எலியின் விந்தகத்தில் ஆண் ஹார்மோனைச் சுரக்கும் லேடிக் அணுக்கள் பெருகிக் கட்டியாகின்றன. இந்தத் தூண்டுதலுக்கு எலி மனிதரைவிட மிகவும் எளிதில் ஆட்படும்.

கடைசியாக, உடல் எடை அட்டவணையைப் பாருங்கள். தீனி குறைந்தாலே எலிகளில் பால்சுரப்பிக் கட்டிகள் குறையும். டாமோக்சிஃபெனோ எடை கூடுவதைக் குறைக்கிறது. மருந்து பெற்ற எலிகள் தின்ற அளவே தீனி பெற்ற ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்று தேடுங்கள். இல்லையெனில், குறைந்த கட்டிகளில் எவ்வளவு மருந்தின் பங்கு என்பதை அந்த அட்டவணையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.