எதுகைச் சொல் கிடைக்கவில்லையா? 40 கட்டம் போட்டுத் தேடுங்கள்

கல்லூரிக் கவியரங்கத்துக்கோ, கோயில் கொடை விழாவுக்கோ, ஆலயத் திருவிழாவுக்கோ முதன்முதலாகப் பாட்டு எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். முதல் வரி நன்றாக வந்துவிடும். இரண்டாவது வரிக்கு ஒத்த ஓசையில் சொல் வராது. வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் வராதுதான். சொல்லைத் தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு தாளும் பேனாவும் போதும்.

முதலில் எங்கே தேடுவது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் ஓசை ஒப்புமை மூன்று இடத்தில் வரும். சொல்லின் முதல் எழுத்து ஒத்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்தால் எதுகை, அடியின் கடைசி ஒத்தால் இயைபு. பலரும் இயைபை மட்டும் பிடித்துக்கொண்டு ‘வந்தான், போனான், கேட்டான்’ என்று முடித்துவிட்டு எதுகை அமைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அங்கே ஒத்திருப்பது ‘ஆன்’ விகுதி மட்டும்தான். தமிழில் எந்த ஆண்பால் வினையைப் போட்டாலும் அது கிடைக்கும். காதில் நிற்பது எதுகைதான். ஆகவே தேடலை இரண்டாம் எழுத்தில் தொடங்குங்கள்.

கட்டம் போடும் முறை

‘வலை’ என்ற சொல்லுக்கு எதுகை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து குறிலா நெடிலா என்று பாருங்கள். ‘வ’ குறில். இரண்டாம் எழுத்து ‘லை’. ஆக, நமக்கு வேண்டியது ‘குறில் + லை’.

இப்போது தாளில் 5 வரிசை, 8 பத்தி கொண்ட கட்டம் போடுங்கள். வரிசைக்கு ஒன்றாக அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்து குறில்கள். பத்திகளில் முதலாவது வெறும் உயிர். மற்றவை க, ச, த, ந, ப, ம, வ. தமிழ்ச் சொற்களில் மிகப் பெரும்பாலானவை இந்த எழுத்துகளில்தான் தொடங்கும். ய, ஞ குறைவு. ர, ல பெரும்பாலும் கடன்சொல். மொத்தம் 40 கட்டம். அதிலும் ‘வு’, ‘வொ’ இரண்டிலும் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் உண்மையில் தேட வேண்டியது 38.

ஒவ்வொரு கட்டத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அலை, கலை, சலை, தலை... பொருள் இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ‘அ’ வரிசையில் அலை, கலை, தலை, மலை. ‘இ’ வரிசையில் இலை, சிலை, நிலை, விலை. ‘உ’ வரிசையில் உலை, குலை. ‘எ’ வரிசை காலி. ‘ஒ’ வரிசையில் கொலை, தொலை. வெளியூர்க்காரருக்குக் ‘குலை’ சட்டென்று தோன்றாது, அவர்களுக்கு அது வாழைத்தார். குமரி மாவட்டத்தில் நமக்கு வாழைக்குலை. வட்டார வழக்கு இப்படி ஒரு சொல்லைக் கூடுதலாகத் தரும், விட்டுவிடாதீர்கள்.

முதல் எழுத்து நெடிலாக இருந்தால் ஆ, ஈ, ஊ, ஏ, ஓ வரிசைகளைப் போடுங்கள். ‘தோணி’க்கு ஆணி, காணி, சாணி, பாணி, ஏணி, கேணி, பேணி, கோணி என்று வந்து விழும்.

இரண்டாம் எழுத்து புள்ளி எழுத்தாக இருந்தால் மூன்றாம் எழுத்தும் ஒத்திருந்தால்தான் நிறைவாக இருக்கும். ‘மட்டி’ வாழைப்பழத்துக்குக் கட்டி, வட்டி, தட்டி, குட்டி, பெட்டி. ‘மட்டி’க்குப் ‘பட்டம்’ போட்டால் தவறில்லை, ஆனால் ஓசை பாதிதான் பிடிக்கும்.

அடித்து நீக்குதல்

பட்டியல் கிடைத்ததும் எல்லாவற்றையும் வரியில் திணிக்கக் கூடாது. கடற்கரையைப் பற்றி எழுதும்போது கொலையும் உலையும் எதற்கு? பொருளோடு ஒட்டுகிற நான்கைந்தை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். மிஞ்சியதை அடியின் முதலில் வையுங்கள்:

அலையின் மேலே அந்திப் பொழுது
வலையை இழுக்கும் வள்ளக் காரர்
விலையைக் கூவி விற்கும் கரையில்
தலையில் கூடை தாங்கிய பெண்கள்

(வள்ளம் என்றால் படகு.) நான்கு அடிக்கும் எதுகை ‘லை’. மோனையும் இருக்கிறது: அலை–அந்தி, வலை–வள்ள, விலை–விற்கும், தலை–தாங்கிய. நான்கு சீர் அடியில் முதல் சீரும் மூன்றாம் சீரும் மோனையில் ஒத்தால் அது பொழிப்பு மோனை. புதிதாக எழுதுபவர்களுக்கு இதுதான் எளிது, கேட்கவும் சுகம். மோனைக்கு அதே எழுத்துதான் வேண்டும் என்பதில்லை. அ–ஆ–ஐ–ஔ ஓர் இனம், இ–ஈ–எ–ஏ ஓர் இனம், உ–ஊ–ஒ–ஓ ஓர் இனம். மெய்யில் ச–த, ஞ–ந, ம–வ தமக்குள் மோனையாகும்.

எங்கே தவறுகிறது

அதிகம் நடப்பது குறில் நெடில் குழப்பம். கடல்–பாடல் எதுகை ஆகாது. இரண்டிலும் ‘ட’ இருந்தாலும் முதல் எழுத்தின் அளவு வேறு. கடலுக்கு மடல், உடல், திடல். பாடலுக்கு ஆடல், தேடல், கூடல்.

அடுத்தது ல–ள–ழ, ர–ற, ன–ண. மலை–மழை இரண்டும் இடையினம் என்பதால் ‘இன எதுகை’ என்று இலக்கணம் ஏற்கிறது. மனம்–மணம் மெல்லினம், அதுவும் சரி. ஆனால் கரை–கறை அப்படியில்லை: ர இடையினம், ற வல்லினம். கடற்கரைப் பாட்டுக்குத் திரை, நுரை, இரை, தரை என்று ‘ரை’யிலேயே நில்லுங்கள். ‘பிறை’ கலந்தால் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

புணர்ச்சி, அதாவது சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவது, சத்தமில்லாமல் காலை வாரும். ‘வில்’லுக்குச் ‘சொல்’லை எதுகையாக்கிவிட்டு, வரியில் ‘விற்பாட்டு’ என்று எழுதினால் இரண்டாம் எழுத்து ‘ற்’ ஆகிவிட்டது, எதுகை போயிற்று. வில்லுப்பாட்டுக்காரர்களைப் போல ‘வில்லு’ என்றே வைத்தால் சொல்லு, நெல்லு, கல்லு, புல்லு எல்லாம் கைகொடுக்கும்.

ஊர்ப்பெயர் வந்தால்

ஊர்ப்பெயரை மாற்ற முடியாது, அதனால் அதையே முதல் அடியில் வைத்துவிட்டு மற்றதைத் தேடுங்கள். நாகர்கோவிலுக்கு மேகம், வேகம், தாகம். மார்த்தாண்டத்துக்குப் பார்த்து, சேர்த்து, வார்த்து. தோவாளைக்குப் ‘பூவாசம்’; பூச்சந்தை ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்! குளச்சலுக்குக் ‘களத்தில்’, 1741இல் அங்கே நடந்த போரைப் பாடுபவருக்கு அது கேட்காமலே வந்து நிற்கும். கன்னியாகுமரிக்கு மின்னி, பின்னி, சென்னி. தென்னை, அன்னை போட்டாலும் ‘ன்ன’ வரிசை என்பதால் ஏற்கலாம். ‘ரப்பர்’ மாதிரிச் சொல்லுக்கு மல்லுக்கட்ட வேண்டாம். வரியின் நடுவில் தள்ளிவிட்டு, ‘ரப்பர் பால்’ என்று முடித்துக் கால், வேல், மேல் என்று இயைபில் பிடியுங்கள்.

அகராதியும் கணினியும்

சாதாரண அகராதி முதல் எழுத்து வரிசையில் இருப்பதால் மோனைக்குத்தான் உதவும். எதுகைக்கென்றே ஒரு பகுதி வீரமாமுனிவரின் சதுரகராதியில் (1732) இருக்கிறது: அதன் நான்காம் பகுதியான தொடையகராதி. பழஞ்சொற்கள் நிறைய வரும், இன்றைக்குப் புழங்குவதை மட்டும் எடுங்கள்.

சொற்பட்டியல் ஒன்றை எக்செலில் வைத்திருப்பவர்கள் வடிகட்டியில் ‘ஈக்வல்ஸ்’ தேர்ந்து ?லை என்று கொடுத்தால் அலை, கலை, மலை வரும். சிலை, விலை வராது. காரணம், கணினிக்கு ‘சி’ என்பது ச, இகரக் குறி என்று இரண்டு எழுத்து. அதற்கு ??லை என்று கொடுக்க வேண்டும். அப்போது காலை, சோலை, கவலை எல்லாமும் சேர்ந்து வரும், கையால்தான் களைய வேண்டும்.

மெட்டுக்கு எழுதும்போது

பாட்டில் அடியின் முடிவும் முக்கியம். ‘அலையின் மேலே அந்தி வரும், வலையை இழுத்தால் வாழ்வு தரும்’ என்றால் எதுகை, மோனையோடு வரும்–தரும் இயைபும் சேர்கிறது. இங்கே விகுதிக்கு முன்னால் உள்ள ‘ர’வும் ஒத்திருப்பதைக் கவனியுங்கள். பறந்து–மறந்து–திறந்து–சிறந்து கூட அப்படித்தான். எழுதி முடித்ததும் மெட்டில் பாடிப் பாருங்கள். பாடும்போது குறில் நீண்டுவிடும் இடங்களில் கடல்–பாடல் கூட உறுத்தாமல் போய்விடும். அதே வரியை மேடையில் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மாற்றிவிடுங்கள்.