மணிக்கட்டு வலிக்கு ஸ்கேன் பார்த்து ஊசி போடுவதில் நேரும் தவறுகள்

கைக்குழந்தையைத் தூக்கும்போதோ ஈரத்துணியைப் பிழியும்போதோ கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரமாகச் சுளீரென்று பிடிக்கும் வலி பெரும்பாலும் டி கெர்வைன் நோயாக இருக்கும். சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வைன் 1895இல் இதை விவரித்தார். கட்டைவிரலை விரிக்கவும் நீட்டவும் உதவும் இரண்டு தசைநாண்கள் ஓடும் உறை தடித்து இறுகுவதால் இந்த வலி வருகிறது.

விரல்களுக்குள் கட்டைவிரலை மடக்கி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்பி, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசிக்குப் போவது முதல் தவறு. கட்டைவிரலின் அடிமூட்டுத் தேய்மானத்திலும் அந்தச் சோதனை வலிக்கும்.

பலருக்கு அந்த உறையின் உள்ளே ஒரு மெல்லிய தடுப்புச் சுவர் இருக்கிறது. அதனால் ஒரு அறையில் செலுத்திய மருந்து பக்கத்து அறையில் உள்ள தசைநாணைத் தொடாமலே போய்விடலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் உண்மையான பயன் இந்தச் சுவரைக் காட்டுவதுதான். இடத்தைக் குறித்துக்கொண்டு கருவியை ஒதுக்கிவைத்துவிட்டு ஊசியைக் குத்தினால் அந்தப் பயனில் பாதி வீணாகிவிடும். மருந்து இறங்கும்போது தசைநாணைச் சுற்றிக் கறுப்பு வளையமாக உறை விரிவதைத் திரையில் பார்க்க வேண்டும். மருந்து இறங்காமல் எதிர்த்து நின்றால் ஊசிமுனை தசைநாணுக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதால், அழுத்தித் தள்ளாமல் சற்றுப் பின்னிழுப்பதே முறை. ஸ்கேன் கருவியைத் தோலில் அழுத்திப் பிடிப்பதும் தவறே, ஏனெனில் உறையில் தேங்கிய நீர் அந்த அழுத்தத்தில் விலகி, வீக்கமே இல்லாததுபோல் படம் காட்டும்.

மருந்து தோலடியில் கசிந்தால், குறிப்பாக அது ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு என்றால், அந்த இடம் வெளுத்துக் குழிவிழலாம். நம் மாநிறத் தோலில் அது பளிச்சென்று தெரியும், மாறப் பல மாதங்கள் ஆகலாம். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர் பிறகு எவ்வளவு விளக்கினாலும் நோயாளிக்கு மனம் ஆறாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால், அதை மறைக்காமல் சொல்லி, வீட்டில் அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருவது ஊசியைவிட ஆபத்தானது.

ஊசி போட்ட அன்று மாலையே ஒரு வாளித் துணியைத் துவைக்க உட்காருவோர் உண்டு. அப்போது வலிக்காததற்குக் காரணம் உடன் கலந்த மரப்பு மருந்து. அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும், ஸ்டீராய்டு வேலை செய்யவோ சில நாட்கள் பிடிக்கும். இடையில் ஓரிரு நாள் வலி கூடினால் ஊசி பலிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்; ஆனால் சிவப்பும் சூடும் காய்ச்சலும் சேர்ந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தையை அக்குளில் கட்டைவிரலை விரித்துப் பிடித்துத் தூக்காமல், முன்கைகளில் ஏந்தி எடுப்பது நல்லது.

இரண்டு ஊசிக்கும் அடங்காத வலிக்கு மூன்றாவது, நான்காவது என்று போட்டுக்கொண்டே போவது தசைநாணை நலிவடையச் செய்யும். அந்நிலையில் உறையைத் திறந்துவிடும் சிறிய அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். அங்கும் ஒரு அறையை மட்டும் திறந்தால் வலி நிற்காது. ஆகவே தடுப்புச் சுவர் தெரிந்த ஸ்கேன் அறிக்கையைத் தொலைத்துவிடாமல் அறுவை மருத்துவரின் கையில் கொடுக்க வேண்டும்.