பெரிய கடைக்கு ஒளிரும் விதானம்: அளவெடுப்பதிலிருந்து ஒளி அமைப்பது வரை

முதன்மைக் கடை ஒன்றுக்கு ஒளிரும் விதானம் (மேலே விளக்குகள், கீழே ஒளி ஊடுருவும் திரை என அமைந்த உட்கூரை) என்றதும் பேச்சு பூ வேலைப்பாட்டிலும் நிறத்திலும்தான் தொடங்கும். அதற்கு முன் தெரிய வேண்டியது, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எத்தனை மி.மீ. இடம் இருக்கிறது என்பது. விளக்குகளுக்கும் ஒளி ஊடுருவும் திரைக்கும் நடுவே உள்ள ஆழம்தான் மற்ற எல்லா அளவுகளையும் முடிவு செய்யும்.

லென்ஸ் இல்லாத எல்இடி ஸ்ட்ரிப் என்றால், இரண்டு வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் அந்த ஆழத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரையில் வரிவரியாகத் தெரியும். ஆழம் 80 மி.மீ. மட்டுமே என்றால் வரிசைகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

6 மீ × 4 மீ விதானம், 150 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 4 மீ அகலத்தில் 150 மி.மீ.க்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் 6 மீ நீளத்தில் 27 வரிசைகள். இரு ஓரங்களிலும் 50 மி.மீ. மிஞ்சும். 26 வரிசைகளோடு நிறுத்தினால் ஓரத்தில் 125 மி.மீ. விழுந்து, விளிம்பு இருண்டுவிடும். மொத்தம் 162 மீ ஸ்ட்ரிப், மீட்டருக்கு 4.8 வாட் என்றால் ஏறத்தாழ 778 வாட். ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவரை அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. அதனால் 24 வோல்ட், 240 வாட் டிரைவர் ஐந்து தேவை.

அடுத்தடுத்த வரிசைகளை ஒரே டிரைவரில் கோக்காதீர்கள். 1, 6, 11, 16 என்று ஐந்து ஐந்தாகத் தாவிப் பிரித்தால் இரண்டு டிரைவர்களுக்கு 6 வரிசைகளும் மூன்றுக்கு 5 வரிசைகளும் வரும். ஒரு டிரைவர் போனால் மங்கலான கோடுகள் தெரியும், அவ்வளவுதான். கடையின் நடுவே கறுப்புக் கட்டம் விழாது. 6 மீ வரிசைக்கு ஒரு முனையில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் மறுமுனை மங்கும். நடுவில் கொடுத்து இருபுறமும் 3 மீட்டராக ஓட விடுங்கள்.

திரைக்கு மேலே விளக்குகள் இருக்கும் குழியின் மேல்தளம் சமமாக இருக்க வேண்டும். உத்திரம், ஏசி டக்ட், குழாய் எது குறுக்கிட்டாலும் திரையில் நிழலாக விழும். அவற்றுக்குக் கீழே ஜிப்சம் பலகை அடித்து, பக்கச் சுவர் உட்பட மேட் வெள்ளை பூசுங்கள். பளபளப்பான வெள்ளை, எல்இடி புள்ளிகளைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். குழி தூசியும் பூச்சியும் நுழையாதபடி மூடியிருக்கட்டும். வெப்பம் வெளியேற வலை போட்ட சிறு துளைகள் போதும். டிரைவர்களை குழிக்கு வெளியே, ஏணி போட்டுக் கை நீட்டினால் எட்டும் இடத்தில் வையுங்கள். பழுதாவது பெரும்பாலும் ஸ்ட்ரிப் அல்ல, டிரைவர்தான்.

திரைக்கு அக்ரிலிக்கைவிட, சட்டத்தில் இழுத்துக் கட்டும் ஸ்ட்ரெட்ச் துணியே மேல். அக்ரிலிக் தகடு சூட்டில் நீளும்: 2.4 மீ தகடு 30 டிகிரி ஏற்றத்தில் சுமார் 5 மி.மீ. விரியும். இடைவெளி விடாவிட்டால் நடுவில் வளைந்துவிடும், விட்டால் இணைப்புக் கோடு தெரியும். எதை எடுத்தாலும் தீ வகைப்பாட்டுச் சான்று கேளுங்கள். ஐரோப்பிய முறையில் பி-எஸ்1, டி0 என்றால் புகை குறைவு, எரியும் துளிகள் விழாது. ஸ்பிரிங்க்ளரும் புகை உணரியும் திரைக்குக் கீழே வர வேண்டும். அவற்றின் இடத்தை வரைபடத்தில் முதலிலேயே குறித்து, அலங்காரத்தை அதைச் சுற்றி அமையுங்கள்.

அலங்காரம் என்பது லேசரில் வெட்டிய ஜாலியோ (துளை வேலைப்பாட்டுத் தகடு) துணியில் அச்சோ எதுவானாலும் திரையின் கீழ்ப்புறம் இருக்கட்டும். திரைக்கு மேலே வைத்த ஜாலியின் விளிம்பு கலங்கித் தெரியும்.

ஸ்ட்ரிப்பை ஒரே தயாரிப்புத் தொகுதியில், 10 சதவீதம் கூடுதலாக வாங்கி வையுங்கள். பிறகு வாங்கும் சுருளின் வெள்ளை பழையதோடு ஒட்டாது. துணிக்கடை, நகைக்கடை என்றால் சிஆர்ஐ (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்குக் குறைய வேண்டாம். வாடிக்கையாளர்கள் போனில் வீடியோ எடுப்பார்கள். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் அதிர்வெண் குறைவாக இருந்தால் படத்தில் பட்டைகள் ஓடும். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேளுங்கள்.

திரையை மாட்டும் முன், ஒரு சதுர மீட்டர் மாதிரி செய்து பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். உண்மையான ஸ்ட்ரிப்பும் உண்மையான துணியும் அதே ஆழமும் இருக்க வேண்டும். எல்லா வரிசைகளையும் ஒரு நாள் முழு ஒளியில் எரியவிட்டு, கெட்டதை மாற்றி, குழியை வேக்கியூம் செய்த பிறகே துணி ஏறட்டும்.

ஸ்ட்ரிப் வாட்டுக்கு 100 லூமென் ஒளி தந்து, அதில் பாதி வெளியே வந்தால், இந்த விதானத்தின் நடுப்பகுதிக்கு 2 மீ கீழே ஏறக்குறைய 1000 லக்ஸ் (சதுர மீட்டருக்கு விழும் லூமென்) கிடைக்கும். அவ்வளவும் வேண்டாம். பாதிக்குக் குறைத்து 500 லக்ஸில் ஓட்டினால் எல்இடி நீண்ட நாள் வரும், கண் கூசாது. பரந்த ஒளி நிழலை அழிப்பதால் பொருள்கள் தட்டையாகத் தெரியும், நகை மின்னாது. எனவே சரக்கின் மீது விழும் ஸ்பாட் விளக்குகள் பொது ஒளியைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கட்டும். விதானத்தின் அளவைப் பகலில் ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை, ஸ்பாட்களை எரியவிட்டு அமைத்து, இரண்டையும் தனித்தனி அமைப்பாகக் கன்ட்ரோலரில் சேமியுங்கள்.