கவிச்சியை விட்டாச்சு, தட்டில் என்ன வைப்பது?

புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாமல் இருந்துவிட்டு, ஐப்பசி முதல் ஞாயிறு விடிந்ததும் கறிக்கடையில் நிற்பவர்களைக் கேட்டால் "மனசு கேக்கல" என்பார்கள். பெரும்பாலும் கேட்காதது வயிறு. மீன் போன இடத்தில் வேறு எதுவும் வராததால் சோறு கூடியிருக்கும், அப்பளமும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்திருக்கும், சாயங்காலம் நாலு பஜ்ஜி உள்ளே போயிருக்கும். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசி. சைவத்துக்கு மாறுகிறவர் முதலில் அந்தக் காலி இடத்தை நிரப்ப வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். காலையில் இட்லி, தோசை, பொங்கல் என்று ஏற்கெனவே சைவம்தான். கறி எடுப்பது புதனும் ஞாயிறும் மட்டும் என்கிற வீட்டில் மாற்ற வேண்டியது வாரத்துக்கு மூன்று நான்கு வேளைதான், ஒரேயடியாக நிறுத்திவிடலாம். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடற்கரையில் தினம் மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்கள் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டு வந்தால் ஏழு வாரத்தில் முடிந்துவிடும். முட்டையும் வேண்டாம் என்றால் அதைக் கடைசியில் விடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது, அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

புரதக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடைக்கு 50 கிராம். "தினமும் சாம்பார்தானே, பருப்பு சாப்பிடுகிறோமே" என்பார்கள். நாலு பேருக்கான சாம்பாரில் போடும் துவரம்பருப்பு பெரும்பாலும் 100 கிராம். அதில் சுமார் 22 கிராம் புரதம், ஆளுக்கு வருவது ஐந்தரை. ரசத்தில் அதுவும் இல்லை.

இப்படி ஒரு நாளைப் பாருங்கள். காலையில் அரிசி 50 கிராம், பருப்பு வகைகள் 50 கிராம் விழுகிற மாதிரி அடை: 14 கிராம். மதியம் 100 கிராம் அரிசிச் சோறு, சாம்பார், 30 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்த சுண்டல், ஒரு கிண்ணம் தயிர்: 23 கிராம். சாயங்காலம் ஒரு கைப்பிடி நிலக்கடலை: 7. இரவு மூன்று சப்பாத்தி, மீல் மேக்கர் பிரட்டல்: 22. மொத்தம் 66. இதில் ஏதாவது ஒன்று ஒரு நாள் தவறினாலும் பாதகமில்லை. அடைக்குப் பதில் நாலு இட்லி, சுண்டலுக்குப் பதில் கோஸ் பொரியல், நிலக்கடலைக்குப் பதில் முறுக்கு என்று எல்லாமே ஒரே நாளில் மாறினால்தான் கணக்கு உதைக்கும்.

காளானும் பலாக்காயும் சேனையும் கறி மாதிரியே இருக்கிறது என்று அவற்றை வைத்தே மாதத்தை ஓட்டுகிறவர்கள் உண்டு. நாக்குக்குச் சரி. ஆனால் 100 கிராம் காளானில் புரதம் சுமார் 3 கிராம்தான், சேனையில் அதைவிடக் குறைவு. காளான் பிரட்டல் வைக்கிற அன்று பக்கத்தில் சுண்டலோ பயறோ இருக்கட்டும்.

அடுத்து வாயு. முதல் இரண்டு வாரம் வயிறு உப்பும், பயந்து பலர் பயறையே விட்டுவிடுவார்கள். பயறுகளில் நம் குடல் செரிக்காத சில சர்க்கரைகள் இருக்கின்றன. பெருங்குடலில் உள்ள கிருமிகள் அவற்றைத் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. எனவே படிப்படியாக ஏறுங்கள். முதல் வாரம் பாசிப்பருப்பு மட்டும், இரண்டாம் வாரம் முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு கரண்டி, அதற்கு மேல்தான் தட்டப்பயறு, கொண்டைக்கடலை. மொச்சையைக் கடைசிக்கு வையுங்கள். 8 முதல் 10 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி வெளியே போய்விடும். சத்து போய்விடுமே என்று அதே தண்ணீரில் வேகவைக்கும் பழக்கத்தைத் தொடக்கக்காரர் தள்ளிப்போடலாம். நார்ச்சத்து திடீரென்று கூடுவதால் தண்ணீரும் கூடுதலாகக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வரும்.

குக்கரில் ஆறு விசில் விட்டும் கடலை கல்லாக இருக்கிறதா? புளியையோ தக்காளியையோ முதலிலேயே போட்டிருப்பீர்கள். புளிப்பு பட்டால் தோல் இறுகிவிடும். வெந்த பிறகுதான் புளி. உப்பால் அந்தத் தொல்லை இல்லை. புளிப்பும் காரணம் இல்லையென்றால் கடலை பழசு, அல்லது போர்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். குடிக்கிற தண்ணீரில் ஊறவைத்து வேகவைத்துப் பாருங்கள்.

மீல் மேக்கரை ஒரு தடவை செய்துவிட்டு "சாக்கு நாத்தம்" என்று ஒதுக்கியவர்கள்தான் அதிகம். பிழிவதில் இருக்கிறது எல்லாம். இரண்டு பேருக்கு 50 கிராம் போதும், ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு தேக்கரண்டி உப்போடு கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, உருண்டைகளைப் போட்டு 10 நிமிடம் மூடிவையுங்கள். வடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, உள்ளங்கையில் நாலைந்தாக எடுத்து நன்றாகப் பிழியுங்கள். வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஒரு நீர் வரும். அந்த வாடைக்கு அதுதான் காரணம். தண்ணீர் மாற்றி இன்னும் இரண்டு தடவை, பிழிந்த நீர் தெளிகிறவரைக்கும். உருண்டை பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிய்த்துப் போடுங்கள், மசாலா உள்ளே இறங்கும்.

வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். சோம்பு, கறிவேப்பிலை, உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து. வெங்காயம் சிவந்ததும் இஞ்சி பூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, தக்காளி ஒன்று, மஞ்சள், மிளகாய்த்தூள் ஒன்று, மல்லித்தூள் ஒன்றரை, உப்பு. எண்ணெய் பிரிந்ததும் பிழிந்த மீல் மேக்கரும் கால் டம்ளர் தண்ணீரும் சேர்த்து, சிறு தீயில் 8 நிமிடம் மூடிவையுங்கள். பிறகு திறந்து, ஓரம் கருகத் தொடங்கும்வரை சுருள வறுத்து, இறக்கும்போது கொரகொரப்பாக இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி. ஆளுக்கு 13 கிராம் புரதம். எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டினால் ரப்பர் மாதிரி இழுக்கும். கறியில் இருந்த கொழுப்பு இதில் இல்லை, அதை எண்ணெய்தான் ஈடுகட்ட வேண்டும்.

மீன் வறுவலுக்கு ஏங்குகிறவர்களுக்குச் சேனை. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லையாக வெட்டி, புளித்தண்ணீரில் மஞ்சள், உப்புப் போட்டு முக்கால் பதம் வேகவைத்து வடித்துவிடுங்கள். புளி சேர்க்காமல் விட்டால் தொண்டை அரிக்கும். மீனுக்குத் தடவுகிற அதே மசாலாவோடு ஒரு கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் தோசைக்கல்லில் சிறு தீயில் இரு பக்கமும் முறுக விடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் மீன் சாப்பிட்டால் இரண்டு சமையல் வேண்டியதில்லை. குழம்பு கொதித்துப் பச்சை வாடை போனதும், மீன் போடுவதற்கு முன்பே உங்களுக்கு வேண்டியதைத் தனிச் சட்டியில் எடுத்து, வதக்கிய கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் கொதிக்கவிடலாம். கரண்டியையும் தனியாக வையுங்கள்.

கீரை, பயறில் உள்ள இரும்புச்சத்து, கறியில் உள்ளதைப்போல எளிதில் உடம்பில் சேராது. வைட்டமின் சி உள்ள பழம் உதவும்: சுண்டலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் அல்லது கொய்யா. சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

வைட்டமின் பி12 விஷயத்தில் சமரசம் இல்லை. எந்தக் கீரையையும் பயறையும் நம்பிப் பயனில்லை. பால், தயிர், பன்னீர், முட்டைதான் வழி. ஒரு டம்ளர் பாலில் கிடைப்பது சுமார் 1 மைக்ரோகிராம், ஒரு நாள் தேவை இரண்டுக்கு மேல். ஆக இரண்டு டம்ளருக்குச் சற்று மேல் பாலோ அதற்கு ஈடான தயிரோ வேண்டும். நீர்மோர் கணக்கில் வராது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு தெரியவே சில வருடங்கள் ஆகலாம். கால் மரத்துப்போவது, நாக்கு எரிவது, ஓயாத சோர்வு என்று தலைகாட்டும். பாலும் குடிக்காதவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், அறுபது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் தொடங்கும்போதே ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுவது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறு, மீல் மேக்கரைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேளுங்கள்.

வெளியே சாப்பிடும்போது கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். சில கடைகளில் பரோட்டா மாவில் முட்டை சேர்ப்பார்கள். வெஜ் ஃப்ரைட் ரைஸ் சிக்கன் வறுத்த அதே சட்டியில் வரலாம். சைவச் சால்னா என்றால் தனியாகச் செய்ததா, கறித்துண்டை மட்டும் ஒதுக்கி ஊற்றியதா என்று கேட்கலாம். இலங்கைச் சம்பலில் மாசித்தூள் (காய்ந்த சூரை மீன் தூள்) இருக்கலாம். பொட்டலத்தில் பச்சை வட்டம் இருந்தால் சைவம். முட்டை கலந்தது பழுப்பு நிறக் குறியில் போய்விடும், ஆனால் பச்சைக் குறி பாலுக்குத் தடை இல்லை. ஜெல்லி மிட்டாய், கேப்சூல் மாத்திரைகளில் ஜெலட்டின் (விலங்கின் தோல், எலும்பில் எடுப்பது) இருக்கிறதா என்று பின்பக்கத்தில் பாருங்கள்.